இரண்டாவது அடுப்பு

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்குப் பின்னால் இருந்த கோணச் சந்தில் தெரசம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. புருஷன் கஸ்பார் பருப்பு மண்டியில் மூட்டை தைப்பவன், வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இவளே பேசினாள்.

கஸ்பாரின் தம்பி செபஸ்தியான் லாரி கவிழ்ந்து செத்த நாலாம் நாள், துக்க வீடென்றும் பாராமல் தெரசம்மாள் ஒரு காரியம் செய்தாள். பக்கத்து அறையில் இருந்த தம்பி பெண்டாட்டி அந்தோணிமேரியின் அடுப்பைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளினாள். "இனிமே உனக்கும் உம் புள்ளைக்கும் எங்கிட்டதான் சோறு. தனியா உலை வெச்சே, பாத்துக்க" என்றாள். ஐந்து வருஷமாக அப்படித்தான் நடந்தது. சந்தில் எந்த வீட்டில் அண்ணன் தம்பி பிரிந்தாலும், "எங்க ஊட்டப் பாருங்கடி" என்று அவள் பீற்றிக்கொள்ளாமல் விட்டதில்லை.

அறுபத்திரண்டில் சந்துக்குத் திட்டம் வந்தது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு, கீழே கடைகள், மேலே மூன்று மாடிக்கு வீடுகள், நடுவில் சந்தை, ஓரமாக ஒரு பள்ளிக்கூடம் என்று கட்டப் போகிறார்களாம். அதிசயம் என்னவென்றால், குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் கட்டுவார்களாம். மாதா கோவில் முற்றத்தில் பெஞ்சு போட்டுப் படத்தை விரித்து, இன்ஜினீயர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். ஆம்பிளைகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். தெரசம்மாள்தான் முன்னால் போனாள்.

"கொழாய மாடிப்படி ஓரத்துல வையிங்க சாமி. கொடத்தத் தூக்கிக்கிட்டு நாங்க அலைய முடியாதுங்க."

இன்ஜினீயர் சிரித்தபடி படத்தில் அழித்துவிட்டு மாற்றிப் போட்டார். படித்த மனுஷன் தன் பேச்சுக்குப் படத்தையே திருத்தினாரே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மேரியிடம் நாலு தடவை சொன்னாள்.

அடுத்த கூட்டம் குடும்பக் கணக்கெடுப்புக்கு. அதற்கு முந்தின சாயங்காலம் மேரி அரிசி புடைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, அடுப்புக்கு ஒரு ஊடுன்னு கணக்காம். எதுத்தாப்புலப் பாவாயி ஊட்டுல மாமியாளும் மருமவளும் ரெண்டு அடுப்புன்னு சொல்லப் போறாங்களாம். எனக்கும் தனி அடுப்புன்னு சொல்லிப்போடலாங்களா?"

தெரசம்மாளுக்குச் சுருக்கென்றது. "அஞ்சு வருசம் தின்ன சோறு கசந்துபோச்சா?"

"அப்படி இல்லீங்கக்கா."

"பின்ன எப்படி?"

மேரி புடைத்த அரிசியை அளந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

மறுநாள் முற்றம் நிறைய சனம். கணக்கெடுக்க வந்த ஓவர்சியர் நோட்டைத் திறந்து, "உங்க ஊட்டுல எத்தனை அடுப்புங்கம்மா?" என்று கேட்டார். பின்வரிசையில் மகள் ஜெபமலரை மடியில் வைத்துக்கொண்டு மேரி உட்கார்ந்திருந்தாள். தெரசம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஒண்ணுதானுங்க. எங்க ஊட்டுல எப்பவும் ஒரே உலைதானுங்க."

"குடும்பம்னா இதுதான்" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில் பூரித்துப்போய் வீடு வந்து சேர்ந்தாள், பாவி.

பட்டியல் ஐப்பசியில் வந்தது. பாவாயி வீட்டுக்கு இரண்டு. கஸ்பார் பேருக்கு ஒன்று, அதுவும் ஒற்றை அறை. மேரியின் பெயரே இல்லை. கஸ்பார், தெரசம்மாள், மீசை முளைத்த மகன்கள் மூன்று பேர். அவர்களுக்கு நடுவில் இருபத்தாறு வயசு விதவை எங்கே பாய் விரிப்பாள்? தெரசம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், நேரில் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். கொடுத்தாள். கொடுத்த கையோடு மண் குழைத்து, தான் இடித்த அதே மூலையில் மேரிக்கு அடுப்புப் போட்டாள். மழை விடவேயில்லை. ஓலையை எரித்துக் காயவைக்கப் பார்த்தாள். புகைந்ததே தவிர எரியவில்லை.

மூன்றாம் நாளே ஓவர்சியர் வந்துவிட்டார். குனிந்து அடுப்புக்குள் விரலை விட்டார். கரி ஒட்டவில்லை. ஈரமண்தான் ஒட்டியது.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால ஒரே உலைன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"பொய் சொல்லிப்போட்டேனுங்க சாமி."

"அன்னைக்கா, இன்னைக்கா?"

அவரும் கெட்டவர் இல்லை. விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தார். "எனக்கும் மேலே கேப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியல் மாறவில்லை. சந்து வீடுகளை இடிக்க ஆள் வந்த வாரம் மேரி மகளைக் கூட்டிக்கொண்டு எடப்பாடியில் தறி வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். ஒரு கடிந்த சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெரசம்மாள் பிழைத்திருப்பாள். பஸ் ஏறும்போது "வாரேங்கக்கா" என்றாள், அவ்வளவுதான்.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. குழாய் அவள் கேட்டபடியே மாடிப்படி ஓரத்தில் இருந்தது. மாதா கோவில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க நாள் குறித்ததும், மேரியைக் கையோடு அழைத்துவர எடப்பாடிக்குப் போனாள்.

மேரி தறிக்கொட்டகைக்குப் பின்னால், தகரச் சாய்ப்புக்குக் கீழே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அண்ணன் பெண்டாட்டி வந்த மாசமே தனியாகப் பொங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். ஜெபமலர் நூல் சுற்றிக்கொண்டு, பெரியம்மாவை யாரோ வேற்றாளைப் போல நிமிர்ந்து பார்த்தாள்.

மேரி தட்டு வைத்துச் சோறு போட்டாள். இத்தனை வருஷத்தில் மேரியின் உலையில் வெந்த சோற்றைத் தெரசம்மாள் அன்றைக்குத்தான் தின்றாள். கண் அடுப்பின் மேலேயே நின்றது.

மேரியும் அதைப் பார்த்தாள். கோபம் துளியும் இல்லாத குரலில் சொன்னாள்:

"இப்ப வந்து பாக்கச் சொல்லுங்கக்கா அந்த ஓவர்சியர. நல்லாக் கரி புடிச்சிருக்குதுங்க."