லோரின்ஸ் கடித்த ரொட்டி

1918ஆம் வருஷக் கோடையில் லோரின்ஸை மூன்று தடவை சுட்டார்கள். மூன்று தடவையும் குண்டு எங்கள் ஊர் கோகந்தில், ஓய்னிசா வீட்டுச் சுவரில் தொங்கிய ரொட்டியில்தான் பாய்ந்தது. பயணம் போகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை அவன் திரும்பி வந்து தின்னும்வரை ஆணியில் மாட்டி வைப்பார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. லோரின்ஸும் பாலின்ட்டும் ஹங்கேரிக்காரர்கள். ஜார் காலத்துப் போர்க் கைதி முகாமிலிருந்து தப்பி வந்து, விதவை ஓய்னிசாவின் செருப்புப் பட்டறையில் குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்தார்கள். தங்கள் நாட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் ஆளுக்கொரு ரொட்டி நீட்டினாள்.

"நான் என்ன எலியா, கடிச்சு வெச்சிட்டுப் போக?" என்று பாலின்ட் சிரித்தான்.

அவனை அஷ்காபாத் ஸ்டேஷனிலேயே சுட்டுப் போட்டார்கள். லோரின்ஸைச் சிவப்புப் படை பிடித்துத் துப்பாக்கியைத் திணித்தது. அதற்காக ஜார் கட்சிக்காரர்கள் சுட்டார்கள். சாகவில்லை என்றதும் மூட்டை தூக்க வைத்துக்கொண்டார்கள். அதற்காகச் சிவப்புக்காரர்கள் இரண்டு தடவை சுட்டார்கள். யாரோ வீட்டுச் சண்டையில் இவனுக்கென்ன வேலை என்று ஒரு பாவியும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரொட்டியில் ஓட்டை விழுந்தது. ஓய்னிசா கீழே கிடந்த குண்டைப் பெருக்கித் தள்ளினாள்.

அடுத்து வந்த குளிர்காலத்தில் கோதுமை ரயில் வரவில்லை. அவள் மகள், ஐந்து வயது சல்தனத், பசிக்கிறது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

"அடியே, எவனோ ஒருத்தன் உசுரு பெருசா, ஒம் புள்ள பெருசா? அந்த ரொட்டிய நனைச்சு ஊட்டுடி" என்றாள் பக்கத்து வீட்டு குல்சும்.

"அவனையும் ஒருத்தி பெத்திருக்காளேக்கா."

நாலு நாள் தாங்கினாள். ஐந்தாம் நாள் பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. ரொட்டியை இறக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அழுதுகொண்டே முழுவதையும் ஊட்டினாள். வெட்கமாக இருந்தது, பிள்ளை விழுங்கியதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. மறுவாரம் ரயில் வந்தது.

வசந்தத்தில் லோரின்ஸ் வந்தான். ரொட்டியிலிருந்த மூன்று ஓட்டையும் இப்போது அவன் மார்பில் இருந்தன. அவற்றின் வழியே வாசல் மல்பெரி மரம் தெரிந்தது.

"நாந்தாண்டா ஒன்னக் கொன்னேன்" என்று ஓய்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. விழுறப்ப வாயெல்லாம் ரொட்டி ருசி." அவன் குந்தி உட்கார்ந்து சல்தனத்தின் கன்னத்தைக் கிள்ளினான். "பரவால்ல, சதை புடிச்சிருக்கு."

பிறகு பட்டறைக்குள் போய் ஊசியை எடுத்தான். ஊருக்குப் போகவில்லையா என்று குல்சும் கேட்டாள். இந்தக் கோலத்தில் பார்த்தால் அம்மா பயந்துவிடுவாள் என்றான். அதுவும் சரிதான் என்று அவள் தன் பிய்ந்த பூட்ஸைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.