தொட்டியில் மிஞ்சிய சூடு

யெர்னெய் போய்ச்சேர்ந்த செவ்வாய்க்கிழமைகூட நிலவறைக் கொதிகலனில் விறகை நிரப்பிவிட்டுத்தான் மேலே வந்தார். சூப் குடிக்க உட்கார்ந்தவர் கரண்டியை எடுக்கவில்லை. ஆம்புலன்சில் அவரைக் கொண்டுபோனபோதும் கீழே பீச் மரத்து விறகு எரிந்துகொண்டிருந்தது. ஆயிரத்தைந்நூறு லிட்டர் தொட்டியைச் சூடாக்கி முடித்த பிறகே அது அணைந்தது.

அந்தத் தொட்டிக்கு இரண்டு எஜமானர்கள். கூரையில் வெயிலை வாங்கும் தகடுகள் வழியாகச் சூரியன், கீழே விறகோடு யெர்னெய். குளிக்கவும் அறைகளைச் சூடாக்கவும் எல்லாம் அதிலிருந்துதான். தகடுகளைப் பதித்ததும் அவர்தான், பதித்த நாளிலிருந்து சூரியனோடு மல்லுக்கு நின்றதும் அவர்தான். காலையில் குழாயில் கைநனைத்து, "இது என் தண்ணி" என்பார். கோடையில் முகத்தைச் சுளித்து, "இது அவன் தண்ணி" என்பார். ஒரே தொட்டியில் எப்படிக் கண்டுபிடிக்கிறாராம் என்று மனைவி நேஷா கிண்டலடிப்பாள்.

"வேர்வை சிந்துனவனுக்குத் தெரியும்டி."

பதினெட்டு வருஷத்துப் பொய். அவளுக்கும் தெரியும்.

புதன்கிழமை விடிந்ததும் நேஷா நிலவறைக்கு இறங்கினாள். தொட்டியின் மேல்பகுதிச் சூட்டைக் காட்டும் உச்சிமுள் எழுபத்தாறு டிகிரியில் நின்றது. அறைகளுக்குச் சூடு போகும் வால்வை இறுக்கி மூடினாள். சுடுதண்ணீர்க் குழாயை யாரும் தொடக்கூடாது என்றாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமலே காபி குடித்தார்கள். பாத்திரம் கழுவ அடுப்பில் தண்ணீர் காய்ந்தது. மரிபோர் நகரத்திலிருந்து வந்த மகள் மார்ஜெட்டா, கொதிகலனை மூட்டட்டுமா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தாள்.

பேதலிக்கவெல்லாம் இல்லை. அவர் இந்த வீட்டில் கடைசியாகச் செய்த வேலை அந்தத் தொட்டிக்குள் இருந்தது. அதைச் செலவழிக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். தினமும் போய் முள்ளைப் பார்த்தாள். எழுபத்துமூன்று. எழுபது. அறுபத்தேழு. பூட்டி வைத்தால் சூடு தங்குமா? நல்லவேளை, கூரையில் பனி மூடிக் கிடந்ததால் சூரியன் அதில் கைவைக்கவில்லை.

அடக்கத்திற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வானம் வெளுத்தது. குளிரில் நடுங்கும் அம்மாவுக்கு எதையாவது செய்யவேண்டுமே என்று, மார்ஜெட்டா நீளக்கம்புத் துடைப்பத்தால் தகடுகளின் பனியைத் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரத்தில், தகடுகளின் சூட்டைத் தொட்டிக்கு இறக்கும் மோட்டார் நிலவறையில் தானாக ஓட ஆரம்பித்தது. சமையலறையில் இருந்த நேஷாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினாள். அடிமுள் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிமுள் மட்டும் அறுபத்துநான்கில் அசையாமல் நின்றது. சூரியன் அடியிலிருந்துதான் ஏறி வருவான் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் மேலே இருப்பது இன்னும் அவருடையது. மோட்டார் சுவிட்சில் கைவைத்தாள். அணைத்துத்தான் என்ன, நாளைக்கு எப்படியும் அறுபத்தொன்றுக்கு இறங்கிவிடும். கையை எடுத்துக்கொண்டு மேலே வந்து, குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்தாள்.

"மார்ஜெட்டா, சீக்கிரம் வா. கையை நீட்டு."

"என்னம்மா ஆச்சு?"

"உங்க அப்பா தண்ணி. தீரப்போகுது."

இருவரும் ஒரே குழாயில் கைகளை நீட்டி நின்றார்கள். நேஷா தன் முகத்தைக் கழுவினாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல மகள் முகத்தையும் கழுவிவிட்டாள். ஐந்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதாள்.

குழாயை மூட இருவருக்கும் மனமில்லை. தண்ணீர் சூடாகவே வந்துகொண்டிருந்தது. இப்போது வருவது யாருடையது என்று கைநனைத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.