பனங்கட்டித் தோட்டா

மூன்று வருடங்களாக றொபேட் வேட்டைக்குப் போனது இரண்டு தடிகளோடுதான். ஒடென்சே நகருக்கு வெளியே உள்ள காட்டில், அவரோடு தொழிற்சாலையில் வேலைசெய்யும் யோர்கனின் வேட்டைச் சங்கம் ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டை வைக்கும். துவக்குக்காரர்கள் காட்டோரத்தில் இடம் பிரித்து நிற்பார்கள். தடிக்காரர்கள் மறுபக்கத்திலிருந்து மரங்களில் தட்டிக் கூச்சலிட்டு மானைக் கலைத்துவர வேண்டும். றொபேட் முள்ளில் கிழிபட்டுச் சேற்றோடு வெளியே வரும்போது, துவக்குக்காரர்கள் நனையாத தொப்பிகளோடு கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நனையாத தொப்பிதான் அவருக்கு வேண்டும்.

இந்த வருடம் வேட்டைப் பரீட்சையில் தேறிவிட்டார். ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் கைவிட்ட பழைய ஜெர்மன் துவக்கும் பொலிஸ் அனுமதியோடு வீட்டு இரும்புப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. அதற்கு மூன்று குழல்கள். சிறு குண்டுகள் சிதறும் மேல் குழல்கள் இரண்டும் துருப்பிடித்து உதவாமல் போய்விட்டன. ஒற்றைக் குண்டு போகும் கீழ்க்குழல் மட்டும் பளபளவென்று இருந்தது. அதற்கு எந்தத் தோட்டா என்பதுதான் கேள்வி. அனுமதிப் பத்திரத்தில் குழல் அளவு ‘9,3’ என்று மட்டும் இருந்தது. அந்த அளவில் விளிம்பு வைத்த தோட்டா இரண்டு வகை. ஒன்று அடியிலிருந்து நுனிவரை நேராக ஒடுங்கும். மற்றது தடித்தது, போத்தலைப் போலத் தோள் உள்ளது.

“சனிக்கிழமை சரியான தோட்டாவோடு வந்தால் ஐந்தாம் இடத்தில் நில். இல்லாவிட்டால் உன் தடிகள் பத்திரமாக இருக்கின்றன” என்றான் யோர்கன்.

விபோர்க்கில் பழைய துவக்குகள் திருத்தும் பிரேபன் என்பவரைத் தொலைபேசியில் பிடித்தார் றொபேட். குழலின் அடியில் மெழுகை உருக்கி ஊற்றி, இறுகியதும் தள்ளி எடுத்து, அந்த அச்சைக் கொண்டுவந்தால் அளந்து சொல்லிவிடலாம் என்றார் பிரேபன். வீட்டில் மெழுகுதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்தது.

“இஞ்சேருங்கோ, மந்திரிச்ச திரியையோ துவக்குக்குள்ள ஊத்தப் போறியள்? உங்களுக்கு விசரே?” என்றாள் மனைவி மேரிசெலின்.

“இறுகிற சாமான் ஏதும் வேணுமப்பா. அவ்வளவுதான்.”

“அப்ப பனங்கட்டியைக் காய்ச்சி ஊத்துங்கோ. கல்லு மாதிரி இறுகும்.”

அவள் சொன்னது பகிடிக்கு. றொபேட் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்றின் ஓலையைப் பிரித்துப் பாகு காய்ச்சினார். தொதல் கிண்டிக் கொட்டும் தட்டுக்குப் பூசுவதுபோலக் குழலுக்குள் நல்லெண்ணெய் பூசி, உள்ளே சீலை அடைத்து, ஊற்றினார். ஆறியதும் கம்பியால் தள்ள, பழுப்பு நிறத்தில் மினுங்கியபடி முழுத் தோட்டா ஒன்று வெளியே வந்தது. மேரிசெலினே வாய்விட்டு “அட!” என்றாள்.

புதன்கிழமை அதைக் கடதாசியில் சுற்றிக் காரின் முன்தட்டில் வைத்துக்கொண்டு விபோர்க்குக்குப் புறப்பட்டார். துணைக்கு மேரிசெலினின் தம்பி ஸ்ரிபன் வந்தான். முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவன், நாற்பத்தாறு வயது, காலை வேலை முடித்துச் சாப்பிடாமல் ஏறியிருந்தான். பாலம் தாண்டியபோது ‘கடக்’ என்று ஒரு சத்தம்.

“அத்தான், அக்கா நல்ல பனங்கட்டி தந்துவிட்டிருக்கிறா.”

றொபேட் காரை ஓரங்கட்டினார். நுனிப்பக்கம் ஒரு அங்குலம் மட்டும் மிஞ்சியிருந்தது.

“டேய், அது தோட்டாவடா!”

“தோட்டாவை ஆர் அத்தான் இனிப்பில செய்யிறது?”

பிரேபன் அந்த ஒரு அங்குலத்தை அளவுகோலில் பிடித்துப் பார்த்தார். “இது ஒன்பது தசம் மூன்று. அது பத்திரத்திலேயே இருக்கிறதே. எனக்குத் தடித்த பக்கம் வேண்டும். அது எங்கே?”

றொபேட் ஸ்ரிபனைக் காட்டினார்.

பிரேபன் சிரிக்கவில்லை. வாக்குமூலம் எடுப்பவர்போலக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “சாப்பிடும்போது தோள் போல ஏதாவது தட்டுப்பட்டதா?”

ஸ்ரிபன் கண்ணை மூடி நாக்கைச் சுழற்றினான். “இல்லை. வழுக்கிக்கொண்டு போனது.”

பிரேபன் இரண்டு வகையிலும் வெற்றுத் தோட்டாக் கோதுகளை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து நீட்டினார். ஸ்ரிபன் கண்ணை மூடியபடி ஒவ்வொன்றாக வாயில் வைத்தான். மூன்று தரமும் நேரானதையே நீட்டினான். “இதுதான். ஆனால் பனங்கட்டி ருசி இல்லை.”

“நாக்கை நம்பி நான் தோட்டா விற்க முடியாது. துவக்கைக் கொண்டுவாருங்கள்” என்றார் பிரேபன்.

வெள்ளிக்கிழமை துவக்கோடு திரும்பவும் இரண்டு மணிநேர ஓட்டம். பிரேபன் நேரான கோதை உள்ளே விட்டார். பாதியில் நின்றது. றொபேட்டின் காதில் தடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது.

பிரேபன் விளக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். “இது என்ன, மண்ணிறமாக?”

எண்ணெய் படாத இடத்தில் பனங்கட்டி ஒட்டிக்கொண்டு கிடந்தது. கோப்பிக்குக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பிரேபன் குழலுக்குள் ஊற்ற, கடை முழுவதும் பால்கஞ்சி வாசம் பரவியது. துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி விட்டதும் கோது ‘டிக்’ என்று போய் உட்கார்ந்தது. குழலை எல்லாப் பக்கமும் பரிசோதித்து முடித்தபிறகே அலுமாரியிலிருந்து தோட்டாப் பெட்டி ஒன்று இறங்கியது.

“நான் அண்டைக்கே சொன்னனான்” என்றான் ஸ்ரிபன்.

சனிக்கிழமை காலை கோப்பியோடு இந்தக் கதையைக் கேட்ட யோர்கன், சிரித்து இருமி ஓய்ந்தபின் றொபேட்டை ஐந்தாம் இடத்தில் நிறுத்தினான். தடிக்கு ஆள் குறைந்ததால் அந்த வேலை கூட வந்திருந்த ஸ்ரிபனுக்குப் போனது.

கொம்பு ஊதி அரை மணிநேரம் கழித்து மான் வந்தது. நாற்பது அடி தூரத்தில் நின்று, மூக்கை உயர்த்தி, மோப்பம் பிடித்தபடி இன்னும் இரண்டு அடி முன்னால் வைத்தது. பனங்கட்டி வாசம் இன்னும் துவக்கை விட்டுப் போகவில்லை என்று றொபேட்டுக்கு விளங்கியது. துவக்கை உயர்த்தினார். மானுக்கு நேர் பின்னால் பற்றை விலகி, செம்மஞ்சள் தொப்பி ஒன்று வெளியே வந்தது. இரண்டு தடிகளையும் தட்டிக்கொண்டு, “அத்தான், அங்கால போகுது!” என்று ஸ்ரிபன் கத்தினான்.

றொபேட் துவக்கைத் தாழ்த்தினார். மான் ஓடி மறைந்தது.

யோர்கன் வேகமாக வந்தான். “கைக்கெட்டும் தூரத்தில் நின்றதே! ஏன் சுடவில்லை?”

“பின்னால் மச்சான் நின்றான்.”

யோர்கன் முள்ளுக்குள் சிக்கி நின்ற ஸ்ரிபனைப் பார்த்தான். “தோட்டாவைத் தின்ற மச்சானா?”

“அவன்தான்.”

“அப்படியிருந்தும் சுடவில்லையா?”

யோர்கன் சட்டைப் பையிலிருந்து சங்கத்துக் கொப்பியை எடுத்தான். அடுத்த வருடப் பக்கத்தில், ஐந்தாம் இடத்துக்கு நேரே, றொபேட்டின் பெயரைப் பேனாவால் எழுதினான். றொபேட் தொப்பியைக் கழற்றித் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டும் நனையவில்லை.

ஸ்ரிபன் சேற்றோடு வந்து சேர்ந்தான். “அத்தான், கோப்பியோட கடிக்க ஏதும் இருக்கே?”