கை மட்டும் தெரியும் ஜன்னல்

பிறக்காத குழந்தை ஒன்றின் விலை நாலு லட்சம். நான் போட்ட விலை இல்லை. உயிர் போனால் கொடுப்பதற்காக எங்கள் ஆராய்ச்சியின் காப்பீட்டுப் பத்திரம் போட்டது, பதினோராம் பக்கம், பொடி எழுத்தில். தாய்க்கு ஒன்பது. முதல் விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து நடக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஆனால் அந்தப் பத்திரத்தைப் படித்த அன்று சுளிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அடுத்தவர் சரக்குக்கு என்ன விலை போட்டால் நமக்கென்ன.

ஆராய்ச்சி வைட்டமின் டி-யைப் பற்றியது. ஏற்கனவே குறைமாதத்தில் குழந்தையை இழந்த பெண்கள் மறுபடி கர்ப்பமானால், வழக்கமாகக் கொடுக்கும் சின்ன அளவு போதுமா, பத்து மடங்கு கொடுத்தால் இந்தத் தடவை குழந்தை தங்குமா என்பது கேள்வி. பதில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? சின்னது நானூறு யூனிட், பெரியது நாலாயிரம். இரண்டும் பார்வைக்கு ஒரே மஞ்சள் குளிகை, ஒரே வெள்ளைப் புட்டி, மூடியில் ஓர் எண். எந்த எண்ணில் எது இருக்கிறது என்பது டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, விழுங்குகிறவளுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு கணக்கைக் கெடுத்துவிடும். மொத்தக் கட்டடத்தில் அது தெரிந்தவன் ஒருவன்தான். புட்டிகளை நிரப்பி எண் ஒட்டுகிற மருந்தாளுநர், அதாவது நான்.

தெரிந்தவன் முகத்தைக் காட்டக் கூடாது. அதனால் என் அறையின் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டு, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் திறப்பு விட்டிருந்தார்கள். சீட்டு உள்ளே வரும், புட்டி வெளியே போகும். பேச்சு கிடையாது. ஆட்களை எனக்கு மணிக்கட்டு வரைக்கும்தான் தெரியும். நகத்தைக் கடிக்கிறவள், மாவு காய்ந்த விரலோடு வருகிறவள், மோதிரத்தை அடகு வைத்துவிட்டு அதன் தடத்தை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவள். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று அந்த ஜன்னலை வரைந்த மேதை நினைத்திருக்கிறார். அவர் எங்கள் வீட்டு ஆட்களைப் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தரகு. மொத்தச் சந்தையில் விலை பேசும்போது எங்கள் ஆட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரு துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் போகும். விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. துண்டுக்குள் சொல்லும் விலையைவிட முக்கியம், சொல்லும்போது எதிராளியின் கை என்ன செய்கிறது என்பது. ஒரு நொடி தயங்கினால் அவனிடம் நல்ல சரக்கு இல்லை. அப்பா போனபின் பாத்திரக் கடையை நடத்துகிற அம்மா இதில் அப்பாவையே தோற்கடித்தவள். சின்ன வயதில் நானும் தங்கச்சியும் மிட்டாயைப் பங்கு போட்டதுகூட அம்மாவின் முந்தானைக்கு அடியில்தான்.

அந்தத் தங்கச்சிக்கு முதல் பிரசவம் ஏழாம் மாதத்தில் ஆனது. குழந்தை ஒரு பகல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் இரண்டு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறுபடி ஐந்து மாதம் என்றபோது மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போயிருந்தார், இவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எங்கள் ஆராய்ச்சியில் சேரும் எண்ணம் இருப்பதாக அவள் மூச்சு விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை திறப்புக்குள் ஒரு கை வந்தது. மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்பு. அந்தப் பெட்டியைக் கீழே வைக்காமல் நீட்டியவனே நான்தான். சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்தேன். பெரிய அளவு.

புட்டியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடின. என் விரல்கள் விடவில்லை.

ஒரு நொடி இருக்கும். அதற்குள் என் மண்டையில் என்னென்னவோ ஓடியது. பெரிய அளவு நல்லதா கெட்டதா என்று எனக்கும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, அது என்ன செய்யும் என்று தெரியாமல் இருப்பது போல ஒரு பயம் உலகத்தில் இல்லை. பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு விட்டேன். கை வெளியே போனது. ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மாவிடம் போய், இவள் என் தங்கச்சி, எனக்கு எண் தெரியும் என்று சொல்வதுதான் விதி. சொன்னால் அவளை நீக்கிவிடுவார்கள், கூடவே கிடைக்கிற ஸ்கேனும் கவனிப்பும் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவளும் வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் போனால் வழக்கம் போல என் தொப்பையைக் கிண்டல் செய்தாள், யாருக்கு முதலில் பிரசவம் ஆகிறது பார்ப்போம் என்று பந்தயம் கட்டினாள்.

ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து நான் போகும்போதெல்லாம் அவள் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது. சொம்பு இல்லை, குடம். குடித்தாள், எழுந்து போனாள், வந்தாள், மறுபடி குடித்தாள். நின்றிருந்த வாந்தி திரும்பி வந்திருந்தது. வெளிக்குப் போகவில்லை என்று நாலு நாளாகப் புலம்பல். பிள்ளைத்தாச்சி என்றால் அப்படித்தான், உன் வயிற்றில் ஒன்று உதைத்துக்கொண்டிருந்தால் நீயும் புலம்புவாய் என்று அம்மா எனக்குப் பதில் சொன்னாள். இருக்கலாம். ஆனால் அன்றைக்குத் தங்கச்சி என்னிடம் டம்ளரை எடுக்கச் சொல்ல நினைத்து, அந்தச் சொல் வராமல், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சில் ஊரையே விற்கிறவள்.

தாகம், வாந்தி, மலச்சிக்கல், மந்தம். எங்கள் ஆராய்ச்சிக் கையேட்டில் வைட்டமின் டி மிதமிஞ்சினால் என்ற தலைப்பில் இதே வரிசையில்தான் போட்டிருக்கிறது. நாலாயிரம் யூனிட்டில் அப்படி ஆகாது என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம். ஆகிறது என்று முதலில் கண்டுபிடிக்கப்போவது என் தங்கச்சியின் உடம்பா? அடுத்த ரத்தப் பரிசோதனை எட்டாம் மாதம்தான்.

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம், வருமானவரிக்காரன் கடைக்குள் நுழைந்ததும் ஆகுமே, அப்படி ஆனது.

"நீதானண்ணா சொன்ன" என்றாள் தங்கச்சி.

"நான் என்ன சொன்னேன்?"

"ஜன்னல்ல. புட்டிய விடவே மாட்டேன்னு புடிச்சுக்கிட்டியே."

பிறகு அம்மாதான் பேசினாள், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, நிதானமாக. அனுப்பியதே அவள்தான். நம் பையன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்குப் போகாமல் வேறு எங்கே போவது? அவன் வாயால் சொல்லமாட்டான், நேர்மைக்காரன், ஆனால் அவன் கை சொல்லும், கையை மட்டும் கவனி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தங்கச்சி வந்து, ஒரு நொடி பிடித்தான் என்று சொன்னதும் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. மட்டச் சரக்கு, அதாவது சின்ன அளவு. கூடப்பிறந்தவளுக்கு மட்டத்தைக் கொடுக்க மனசு வராமல் தயங்கியிருக்கிறான்.

"அதான் நாமளே சரிக்கட்டிட்டோம்" என்றாள் அம்மா.

தையல் மிஷின் டிராயரைத் திறந்து அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஐந்து பெட்டி, பெட்டிக்குப் பத்துப் பொட்டலம். பாலில் கரைத்துக் குடிக்கிற வைட்டமின் டி, பொட்டலத்துக்கு அறுபதாயிரம் யூனிட். மொத்தமாக வாங்கியதில் ஒரு பெட்டி இலவசமாம். அதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. பெட்டியின் மேல் வாரம் ஒன்று என்று அச்சிட்டிருந்தது. வாரத்துக்கு ஒன்று நல்லது செய்தால் தினம் ஒன்று ஏழு மடங்கு நல்லது செய்யாதா என்று அவள் பெருக்கியிருக்கிறாள். வியாபாரத்தில் அந்தப் பெருக்கல் ஒருநாளும் அவளைக் கைவிட்டதில்லை.

பொட்டலங்களை எண்ணினேன். மிச்சம் மூன்று.

ஆராய்ச்சி ரகசியத்தை வெளியே சொன்னால் வேலை போகும், உரிமம்கூடப் போகலாம். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. "அது மட்டமில்லம்மா. அவளுக்கு விழுந்ததே பெருசு" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் ஏறினாள்.

பெரிய டாக்டரம்மா குள்ளமானவர், கோபம் வந்தால் குரல் இறங்கும். நான் எண்ணையும் அளவையும் பொட்டலக் கணக்கையும் சொல்லி முடித்தபோது அவர் குரல் அநேகமாகக் கேட்கவே இல்லை. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்வதாகச் சொல்லி ரத்தம் எடுக்க அனுப்பினார். அரை மணியில் சீட்டு வந்தது. கால்சியம் பத்தரைக்கு மேல் போகக் கூடாது. பதினாலு புள்ளி ஆறு இருந்தது. சிறுநீரகம் திணற ஆரம்பித்திருந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பாலையும் தயிரையும் நிறுத்தினார்கள், ஜன்னல் திரையை இழுத்து வெயிலைக்கூட நிறுத்தினார்கள். வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பை ஒலிபெருக்கியில் விட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். சத்தம் இருக்கும்வரை பரவாயில்லை. அவள் புரண்டு படுத்துப் பட்டை நழுவும்போதெல்லாம் அறை அமைதியாகிவிடும். நர்ஸ் வந்து நகர்த்தி வைக்கும்வரை நானும் அம்மாவும் மூச்சு விட்டதில்லை.

மறுநாள் டாக்டரம்மா எங்களை நிற்க வைத்து விளக்கினார். மற்ற வைட்டமின்களில் பல, அதிகமானால் சிறுநீரோடு போய்விடும். இது போகாது. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கிடங்குக்குள் போன சரக்கு, திருப்பி அனுப்ப வழியில்லை.

அம்மா சும்மா இருப்பாளா. எத்தனை நாளில் இறங்கும் என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றார் டாக்டர். பத்து நாள் என்று வைத்துக்கொள்ளலாமா என்றாள் அம்மா. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, இது உங்க கடை இல்ல. இங்க குறைச்சுக் கேக்க முடியாது."

"கொழந்தைக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். டாக்டர் விளக்கினார். கழுத்தில் கால்சியத்தைக் கவனித்துக்கொள்ள நாலு சின்னச் சுரப்பிகள் உண்டு. தாயிடமிருந்து அளவுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால், நமக்கு இங்கே வேலை இல்லை என்று குழந்தையின் சுரப்பிகள் தூங்கிவிடலாம். பிறந்து கொடியை வெட்டியதும் வரத்து ஒரேயடியாக நின்றுபோகும். அப்போது அவை விழித்துக்கொள்ளாவிட்டால் கால்சியம் சரிந்து, வலிப்பு வரும்.

"முழிச்சுக்கலாம். முழிச்சுக்காமலும் போகலாம். பொறந்தப்புறம்தான் தெரியும்" என்றார்.

அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சிக் குழு என்னை விசாரித்து வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. தங்கச்சி ஒன்றரை மாதம் ஆகியும் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். சொற்கள் திரும்பி வந்துவிட்டன. நேற்று என்னைத் தடியா என்று கூப்பிட்டாள், அழுகையே வந்துவிட்டது. ஆனால் குழந்தை உதைக்கும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிடுகிறாள். இது உதையா, வேறு ஏதாவதா என்று என்னைப் பார்க்கிறாள். எனக்கும் தெரியாது. உதைதான் என்று சொல்கிறேன், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

கணக்கு இன்று காலை வரைக்கும் இப்படி நிற்கிறது. உள்ளே போனது: பொட்டலம் நாற்பத்தேழு, யூனிட் இருபத்தெட்டு லட்சத்து இருபதாயிரம், குளிகை நாற்பத்தொன்பது, யூனிட் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஆறாயிரம். மொத்தம் முப்பது லட்சத்துப் பதினாறாயிரம். வெளியே வந்தது: தெரியாது. கால்சியம் முதல் நாள் பதினாலு புள்ளி ஆறு, நாலாம் நாள் பதின்மூன்று புள்ளி ஒன்று, போன வாரம் பன்னிரண்டு, இன்று பதினொன்று புள்ளி எட்டு. பிரசவத்துக்கு இருப்பது ஐந்து வாரம். தாயின் பெயரில் பாக்கி, பத்தரையைத் தொட இன்னும் ஒன்று புள்ளி மூன்று. குழந்தையின் பெயரில் இன்னும் எதுவும் எழுதவில்லை.