பள்ளம் இல்லாத ஞாயிறு

என் தங்கை புருஷனுக்கு வண்டி ஓட்டுவதைவிட வாய் நன்றாக ஓடும். இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். ஆமாம், பொறாமைதான், இப்போது என்ன? பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கார்ப் பந்தயக் குழுவில் வண்டி ஓட்ட வந்தவன் நான். முதலாளி என்னை இரண்டு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கணக்கு நல்லா வருமாமே" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டார். எனக்குப் பின்னால் வந்த அவனுக்கு ஸ்டீயரிங். அது போதாதென்று என் தங்கையும்.

என் வேலை இவ்வளவுதான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார், எங்கே பிரேக் அடித்தார், வண்டி எங்கே குலுங்கியது, எல்லாம் அதில் பதிவாகும். ஓட்டி முடித்ததும் அதைக் கோடுகளாகத் திரையில் போடுவேன். கோட்டில் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே ஒரு குறிப்பு எழுதி ஒட்டுவேன். நாளும் நேரமும் தானாக விழும். எழுதாமல் விட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை எனக்குக் 'கோடு மச்சான்' என்று பெயர் வைத்தான். மெக்கானிக் வரைக்கும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷத்துக்குக் குழுவில் ஒரே ஒரு டிரைவர்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டுவதை வைத்து முடிவு. அந்த இடம் போனால் மாப்பிள்ளைக்கு வேறு பிழைப்பு தெரியாது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரையும் உட்காரவைத்துச் சுவரில் கோடுகளைக் காட்டினேன். நேர்சாலை முடிகிற இடத்தில், வளைவுக்கு இன்னும் நூற்றைம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று எழுதிய பலகைகள் உண்டு; அதைப் பார்த்துத்தான் பிரேக் அடிப்பார்கள். மற்றவர்கள் நூறு தாண்டிப் பிரேக் அடித்திருந்தார்கள். அவன் மட்டும் முன்னாலேயே.

"என்ன மாப்பிள, பயமா?" என்றேன். நேரில் மரியாதை, மனசுக்குள் 'அவன் இவன்'தான். "பயமா இருந்தா சொல்லுங்க, ஓரமா ஓட்டிக்கலாம்."

அவன் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. அப்புறம் சிரித்தான். "மச்சான் கையில ஸ்டீயரிங்கைக் குடுத்துப் பாருங்க. ஹாரன் எங்க இருக்குன்னு கேப்பாரு!"

முதலாளிகூடச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னும் நாலு குற்றம் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று எல்லாரும் போனபிறகு அவன் கோடுகளைத் தோண்டினேன்.

மனுஷன் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று நாலைந்து மீட்டராவது முன்பின் ஆகும். இவன் பிரேக் பதினெட்டுச் சுற்றிலும் ஒரே இடம். அதற்கு முன்னால் குலுக்கல் கோட்டில் ஒரு துள்ளல், அந்த நேர்சாலையில் கிடந்த பள்ளம். பள்ளத்தில் ஏறி இறங்கி ஒன்றே கால் செகண்ட், பிரேக். மறுபடி பள்ளம், ஒன்றே கால் செகண்ட், பிரேக். பலகையை அவன் பார்க்கவே இல்லை. கண் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் அடிக்கிற குலுக்கலை வைத்து எண்ணி ஓட்டிக்கொண்டிருந்தான். அதைச் சொல்வதைவிடப் பயந்தாங்கொள்ளிப் பட்டம் மேல் என்றுதான் சற்றுமுன் சிரித்திருக்கிறான்.

எனக்குப் பாவமாக இருந்ததா? இல்லை. வசமாக மாட்டினான் என்றுதான் இருந்தது. அந்த இடத்தில் குறிப்பு எழுதி ஒட்டினேன்.

ஞாயிறு காலையில் ட்ராக் அலுவலகத்தில் என்னிடம் ஒரு தாள் நீட்டினார்கள். அன்றைய அறிவிப்புகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி டிரைவர்களுக்குப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. தாளில் ஒரே வரி: நேர்சாலைப் பள்ளம் சனிக்கிழமை அடைக்கப்பட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் போனேன். வேகமாகவே நடந்து போனேன். கார் நிற்கிற கொட்டகையில் அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் தங்கை.

"வந்துட்டாருப்பா கோடு மச்சான், காகிதத்தோட!" என்றான். "எல்லாரும் காரோட வருவாங்க, இவரு காகிதத்தை ஓட்டிட்டு வருவாரு!"

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்னண்ணா அது?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. பழைய நோட்டீஸ்."

முதல் சுற்று டயரைச் சூடாக்குகிற மெதுவான சுற்று. அந்த வேகத்தில் பள்ளம் இருந்தபோதே யாருக்கும் தெரியாது. இரண்டாவது சுற்றுக்கு அவன் மிதித்தான். கோடு நேராக என் திரைக்கு வந்துகொண்டிருந்தது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வளைவோரம் கொட்டியிருக்கிற மணலில் போய்ச் செருகுவான், ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆக்ஸிலரேட்டர் கோடு உச்சியிலேயே நின்றது. பள்ளம் இருந்த இடத்தைத் தாண்டியும் நின்றது. பிரேக் கோடு எழுந்தபோது வளைவுக்கு நாற்பது மீட்டர்கூட இல்லை. அப்புறம் சத்தம் கேட்டது.

இரண்டு காலையும் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் முதலாளி என் அறைக்கு வந்தார். வண்டியில் கோளாறா, ஆளிடம் கோளாறா என்று அவருக்குத் தெரியவேண்டும். தங்கையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். மூன்று நாளாக மாற்றாத புடவை.

"வெள்ளிக்கிழமை ஓட்டினதையும் இதையும் ஒண்ணு மேல ஒண்ணு போடு" என்றார்.

கை பழக்கத்தில் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. கோட்டின் மேல் என் குறிப்பு மஞ்சள் கட்டமாக விரிந்தது. அதை மூட மவுஸைத் தேடினேன். முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை உரக்கப் படித்தாள். "பலகை தெரியவில்லை. பள்ளத்தை வைத்து எண்ணுகிறான். வெள்ளி, மாலை நாலு பத்து."

"பள்ளத்தை அடைச்ச நோட்டீசை வாங்கினது யாருய்யா?" என்றார் முதலாளி. என் கண் சுவர் ஆணிக்குப் போனது. ஞாயிறு போட்டிருந்த அதே சட்டைதான் ஆணியில் தொங்கியது. அவரே போய்ப் பையில் கைவிட்டு எடுத்தார். நாலாக மடித்தது அப்படியே இருந்தது.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"பள்ளம் வரும் வரும்னு எவ்வளவு நேரம் காத்திருந்தாரு?"

பள்ளம் இருந்த இடத்திலிருந்து பிரேக் வரைக்கும் திரையில் இருந்தது. "ரெண்டே கால் செகண்ட்."

"எண்ணிக் காட்டு."

"வேண்டாம்மா..."

"எண்ணு."

ஒன்று என்றேன். இரண்டு என்றேன். கால் செகண்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"மறுபடியும்" என்றாள்.