அத்தா சொன்ன பொய்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. போன ஆனி மாதம் மானாம்பதியிலிருந்து கல்பனா கூப்பிட்டாள். எமர்ஜென்சி வந்து ஐம்பது வருடம் ஆனதற்கு உத்திரமேரூரில் கூட்டம் போடுகிறார்களாம். பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்களாம்.

"ரெண்டு லிஸ்ட்டுண்ணா. ஜெயிலுக்குப் போனவங்க ஒண்ணு, செத்துப்போனவங்க ஒண்ணு. எங்க நைனா பேர எதுல குடுக்கறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. பதில் பதினாறு வருடமாக எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இது: "உத்திரமேரூர் கடைத்தெருவில் காதர் பாயின் தையல் கடை ஒரு காலத்தில்—"

அடித்துவிட்டேன். 'ஒரு காலத்தில்' என்றதுமே கடை மங்கிவிடுகிறது. எனக்கு அது மங்கவே இல்லை. புதுத்துணியின் கஞ்சி வாசம். கழுத்தில் அளவு நாடாவோடு மெஷின் மிதிக்கும் அத்தா, அதாவது என் அப்பா காதர் பாய். எதிர் பெஞ்சில் கல்பனாவின் அப்பா சின்னராசு. அத்தாவின் சிநேகிதர்; நான் சித்தப்பா என்பேன். மானாம்பதியில் மூன்று காணி நிலம். மற்ற நேரத்தில் கட்சிக்குச் சுவர் எழுதுவார். அத்தாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும் என்பதால் சித்தப்பா பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். பிடித்த வரி வந்தால் அத்தா மெஷினை நிறுத்தி, "அத இன்னொரு தபா படி" என்பார். பிறகு இருவரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்பார்கள். எனக்கு ஏழு வயது. உலகத்தில் அதைவிட நல்ல இடம் இருப்பதாக அப்போது தெரியாது. இப்போதும் தெரியவில்லை.

(இங்கேயே நின்றுவிட ஆசை. இந்தப் பத்தியை நான்கு பக்கம் வளர்த்திருந்தேன். என் மனைவி பர்சானா படித்துவிட்டு, "ஜீப் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள்.)

3

1976 பிப்ரவரியில் வந்தது. மாநில ஆட்சியைக் கலைத்துப் பத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கடையிலிருந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை.

பதினொரு மாதம் கழித்து அத்தா மட்டும் திரும்பினார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மறுநாளே மானாம்பதிக்குப் போய்ச் சித்தப்பாவின் மனைவி ஞானசுந்தரியிடம் சொன்னார்: "வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்க தங்கச்சி. வண்டி ஏறச்சொல்லோ பார்த்தேன். நல்லாத்தான் கீறாரு."

அதை நம்பிச் சின்னம்மா ஜெயில் ஜெயிலாக அலைந்தார். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. வடக்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்றுகூட ஊரில் பேசினார்கள். அவர் தாலியைக் கழற்றவில்லை. அத்தா ஒவ்வொரு பொங்கலுக்கும் துணி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்தார்.

உண்மையை, சாவதற்கு நாலு நாள் முன்பு என்னிடம் சொன்னார். லாக்கப்பில் மூன்றாம் நாள் சாயங்காலம், அடி தாங்காமல், சித்தப்பா அவர் மடியிலேயே இறந்துபோனார். கைதி தப்பி ஓடிவிட்டதாக ஒரு தாளில் அத்தாவிடம் கையெழுத்து வாங்கினார்கள்.*

"அந்தம்மா மூஞ்சியப் பார்த்ததும் வாய் வேற சொல்லிச்சிப்பா. அப்புறம் மாத்த முடியல."

அதற்குப் பின் பொங்கலுக்குத் துணி கொண்டுபோனது நான். நானும் மாற்றவில்லை.

* விரல்கள் போனது, கையெழுத்துப் போட மறுத்தபோது. இதை எழுதாவிட்டால் அத்தாவைக் கோழை என்பீர்கள். எழுதினால் அப்பனுக்காக வாதாடுகிறான் என்பீர்கள். அதனால் இங்கே, அடியில்.

4

ஒரு முடிவில் சின்னம்மா, "எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரிக்கிறார். எழுதியதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில், நான் போய்ச் சேருவதற்குள் அவர்— வேண்டாம். உயிரோடு இருப்பவரை என் வசதிக்காகச் சாகடிக்கக் கூடாது.

ஆகவே பஸ் ஏறினேன்.

சின்னம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயது. பக்கத்தில் கல்பனா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியில் இலை தீர்ந்த பிறகும் அவர் கை உருவிக்கொண்டிருந்தது.

"என்னிக்கி?"

"பிப்ரவரி பதிமூணு, சின்னம்மா. வெள்ளிக்கிழம."

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாராம். அத்தாதான் குடுத்தாராம்."

கல்பனா போனில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி, "வளர்பிறை திரயோதசிம்மா" என்றாள்.

சின்னம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"நாப்பத்தொம்பது வருசம். ஒரு தபா கூட அந்த மனுசனுக்கு எல போட்டுப் படைக்கல. ஆடி அமாவாசைக்கு எல்லா வூட்லயும் படைப்பாங்க, நான் கதவ சாத்திக்குவேன். உசுரோட கீறவருக்குப் படைக்கக் கூடாதுன்னு. பாய் வருசா வருசம் இங்கதான் குந்திகினு சோறு துன்னாரு. தேதிய மட்டுமாவது சொல்லியிருக்கலாமில்ல? நீயும் பதினாறு வருசமா வந்துகினுதானே இருந்த, உபைது?"



5

கிளம்பும்போது கேட்டார்: "இத எழுதப் போறியா?"

"எழுதிக்கினு கீறேன் சின்னம்மா."

"எழுது. ஆனா பாய நான் மன்னிச்சிட்டேன்னு எழுதாத. மன்னிக்கலன்னும் எழுதாத. நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கல."

அதனால் இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கலாம். அதைக் கொஞ்ச நாள் வெளியே சொல்லாதீர்கள். சின்னம்மா யோசிக்கட்டும்.