சத்தமே இல்லாத மெஷின்

என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் நட்சத்திரம் கொடுப்பவர். வாடகைக் கார் ஓட்டுகிறார். போனில் கூப்பிட்டால் வாசலில் வந்து நிற்கிற கார். இறங்கிப் போகிறவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடுவார்கள். நட்சத்திரம் குறைந்தால் சவாரி குறையும், சவாரி குறைந்தால் எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டர் கூட யோசித்துத்தான் எரியும். ஒருமுறை வழியில் மழை பெய்துவிட்டது என்பதற்காக ஒரு அம்மாள் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு இவர் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

எழுந்தபோது ஒரு கொள்கையோடு எழுந்தார். யார் வயிற்றிலும் நாம் அடிக்கக் கூடாது. சோப்புக் கம்பெனியோ, செருப்புக் கடையோ, பெட்ரோல் பங்கோ, எல்லோருக்கும் ஐந்து. அதுவும் முன்கூட்டியே. பொருள் வருவதற்கு முன்பே பாராட்டிவிட்டால் அனுப்புகிறவர்கள் மனம் குளிர்ந்து நல்லதாகப் பார்த்து அனுப்புவார்களாம். நானும் இருபது வருஷமாக அவருக்குச் சமைத்துப் போடுகிறேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு "ம்". அதற்கு மேல் பாராட்டு வேண்டுமென்றால் நான் பெட்ரோல் பங்காகப் பிறந்திருக்க வேண்டும்.

நான் ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பேன்ட்டுகளுக்குக் கால் மடித்துத் தைக்கிறவள். அடுத்தவர் தொப்பைக்கு ஏற்ப இடுப்பைப் பிரிப்பதும், அவர் டயட் இருந்தால் திரும்பப் பிடிப்பதுமாகவே என் காலம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடைக்குத் துணி போடுகிற ஒரு மருத்துவமனைக்காரர் என் தையலைப் பார்த்துவிட்டு, நர்ஸ்களின் சீருடை மொத்தத்தையும் நானே தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை. தினமும் கொதிக்கிற தண்ணீரில் வேகிற துணி, உள் விளிம்பு பிரியக் கூடாது, ஓவர்லாக் போட்டுத் தர வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் முதல் கட்டு வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

ஓவர்லாக் மெஷின் மட்டும் இருந்தால் சலவைக் கடைக்குக் கும்பிடு போட்டுவிட்டு எங்கள் வீட்டு முன்னறையிலேயே கடை திறந்துவிடலாம். நான் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு மெஷினுக்குத்தான் வரும். இரண்டாவது தடவை வாங்க வழியில்லை. போனிலேயே வாங்குகிற ஒரு கடையில் விலை சல்லிசாக இருந்தது. வீட்டுக்காரர் என் கண்முன்னே கார்டு நம்பரைத் தட்டிப் பணத்தைக் கட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

மெஷின் வந்துகொண்டே இருந்தது. போனைத் திறந்தால் "வந்துகொண்டிருக்கிறது" என்று போட்டிருக்கும். முன்னறையில் சோபாவை நகர்த்தி இடம் விட்டு வைத்தேன். அந்த இடத்தில் ஈரத்துணிதான் காய்ந்தது.

ஒருநாள் காலையில் கீழ் வீட்டிலிருந்து என் நாத்தனார் மாடியேறி வந்தாள். மருந்துக் கடையில் வேலை. ஊரில் எந்தக் கெட்ட செய்தியும் அவளைத் தாண்டித்தான் மற்றவர்களுக்குப் போகும். தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"அண்ணி, நீங்க மெஷின் வாங்கின கடையை மூடிட்டாங்களாம். நஷ்டமாம்."

இவர் உடனே போன் போட்டார். ஒரு குரல் எங்கள் அழைப்பு தனக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. சாயங்காலம் வரை அதே பாட்டு. கடைசியில், கடையின் கணக்கை முடித்து வைக்க வந்தவர்கள் ஓர் அறிவிப்புப் போட்டிருப்பதை நாத்தனார்தான் தேடிப் படித்தாள். பணம் வர வேண்டியவர்கள் பெயர் கொடுத்து வைக்கலாமாம். முதலில் வேலை செய்தவர்களின் சம்பளம், பிறகு பாங்குக் கடன், பிறகு மிச்சம் இருந்தால் எங்களைப் போன்றவர்கள். எங்கள் முறை வரும்போது கல்லாவில் ஈதான் இருக்கும்.

ஆனால் நாத்தனார் ஒரு வழி சொன்னாள். கார்டில் கட்டின பணம் என்பதால், பொருள் வந்து சேரவில்லை என்று நம் பாங்கில் முறையிட்டால் அவர்களே பணத்தைத் திரும்ப இழுத்துத் தருவார்களாம். மருந்துக் கடை முதலாளிக்கு அப்படித்தான் கிடைத்ததாம். அன்றே முறையிட்டோம். நான் மருத்துவமனைக்காரரிடம் மெஷின் வந்துவிடும் என்று கூசாமல் சொல்லி வைத்தேன். பாங்கிலிருந்து பதில் வந்தது. கையை விரித்துவிட்டார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் நேரில் வரவும் என்று போட்டிருந்தது.

போனோம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏசிக் குளிரில் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ஸ்வெட்டர் போட்டு, சிடுசிடுவென்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலும் சவாரி பார்க்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் நம்பர் வந்தது. அந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கடையின் கணக்கை முடிக்கிறவர்கள் பதிலுக்கு அனுப்பியதாம். எங்கள் போனை எடுக்க ஆளில்லாத கம்பெனிக்கு இதை அனுப்ப மட்டும் ஆள் இருந்திருக்கிறது. "பொருள் கிடைத்தது" என்ற பட்டனை இவர் அமுக்கியிருந்தார். அமுக்கினால்தான் நட்சத்திரம் போட முடியுமாம். கீழே ஐந்து நட்சத்திரம். அதற்கும் கீழே: "அருமையான மெஷின். சத்தமே இல்லை. என் மனைவிக்குப் பரம திருப்தி."

சத்தமே இல்லை என்பது மட்டும் சத்தியமான வார்த்தை. இல்லாத மெஷின் எப்படிச் சத்தம் போடும்? நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த வட்டி விகிதத்தைப் பார்த்தார்.

"பொருள் கிடைச்சதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க சார். பாராட்டி வேற எழுதியிருக்கீங்க. இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அந்த அம்மாள்.

வீட்டுக்குப் போய்த் திட்டிக்கொள்ளலாம் என்று ஆத்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, இவர் கொள்கையை விளக்கினேன். ஊரில் யாருக்கும் தன் புருஷனைப் பற்றி இப்படி ஒரு விளக்கம் கொடுக்கிற நிலைமை வரக் கூடாது. அந்த அம்மாள் நம்பவில்லை. இவர் போனைப் பிடுங்கி, எழுதித் தள்ளியிருந்ததை எல்லாம் வரிசையாகக் காட்டினேன். ஒரு பல் டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், "வலியே தெரியவில்லை" என்று. எப்படித் தெரியும்? உள்ளே யாரோ அலறுகிற சத்தம் கேட்டு இவர் வாசலோடு திரும்பி ஓடி வந்தவர். அத்தாட்சியாக இவர் கவுன்ட்டர் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்து கடைவாய்ச் சொத்தையைக் காட்டினார். அந்த அம்மாள் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வேறு பல்லாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். முகமெல்லாம் பல். கையில் போன். அந்தக் கிளைக்கு இதுவரை ஒன்றுக்கு மேல் நட்சத்திரம் விழுந்ததில்லையாம். இன்றைக்கு ஐந்து விழுந்திருக்கிறதாம். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தார்:

"மூன்றாம் கவுன்ட்டர் மேடம் தங்கமான மனசு. கடை மூடிப் போன என் மெஷின் பணத்தை ஒரே நிமிஷத்தில் திரும்ப வாங்கிக் கொடுத்தார். சிரித்த முகம்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அந்தச் சிரித்த முகத்தைத் தேடினார்கள். மூன்றாம் கவுன்ட்டர் அம்மாள் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது இவர் நோண்டிக்கொண்டிருந்தது சவாரி இல்லை.

நான் வாயைத் திறந்தேன். "நீங்க இன்னும் குடுக்கலையே மேடம்."

"இல்லை," என்றார் அவர் மெதுவாக.

"மெஷினும் இப்படித்தான் வந்தது."

அந்த அம்மாள் மேனேஜரின் போனை வாங்கி, அந்தப் பாராட்டை எழுதிய நேரத்தையும் எங்கள் டோக்கன் கூப்பிடப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டையும் பிரின்ட் எடுத்து எங்கள் முறையீட்டோடு பின் அடித்தார். இவர் சொன்னது எதுவும் உண்மை இல்லை என்பதற்கு இதைவிட உருப்படியான அத்தாட்சி கிடையாது, மறுபடி அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். மேனேஜர் மட்டும் தவித்துப் போனார். எழுதினதை அழித்துவிட வேண்டாம், பணம் வந்துவிட்டால் அது உண்மையாகிவிடும் இல்லையா என்று அந்த அம்மாளிடம் கெஞ்சுகிற குரலில் கேட்டுக்கொண்டே நின்றார். எங்கள் காகிதம் அன்றைக்கே மேலிடத்துக்குப் போனது.

பாங்கை விட்டு இறங்கும்போது படியிலேயே இவரை நிறுத்தினேன். கைக்கு வராத எதையும் இனிமேல் பாராட்ட மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நான் இரக்கப்படவில்லை.

பணம் திரும்ப வந்தது. மாதக் கடைசிக்கு நாள் நெருங்கியிருந்தது. இந்தத் தடவை கடைக்கு நேரில் போய், ஓட்டிப் பார்த்து, கொடுத்த காசுக்கு மெஷினை அங்கேயே தூக்கிக்கொண்டு வந்தோம். இவர் அதைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டார். வழியெல்லாம் சவாரி வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. முதல் கட்டுச் சீருடை தவணைக்கு முந்தின நாள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. மெஷின் போட்ட சத்தத்தில் கீழே நாத்தனார் டிவி பார்க்க முடியவில்லை. சலவைக் கடைக்கு நான் கும்பிடு போட்டுவிட்டேன்.

கடை என்று ஆன பிறகு போனில் அதற்கும் பெயர் போட்டோம். பெயருக்குக் கீழே நட்சத்திரம் போடுகிற இடம் காலியாகக் கிடந்தது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் வாரிக் கொடுக்கிற அண்ணன் சொந்தப் பெண்டாட்டிக்கு ஒன்றும் போடவில்லையா என்று உசுப்பேற்றிவிட்டுப் போனாள். எனக்கு வலித்தது. மூடிப்போன கம்பெனிக்கு ஐந்து, எனக்கு வெறும் இடம்.

அந்த வாரம் இவர் தன் காக்கிப் பேன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரும் இடத்தில் பிரிந்திருந்தது. தைத்து, ஓரத்துக்கு ஓவர்லாக் போட்டு, அறுந்திருந்த இடுப்புப் பட்டனையும் வைத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். அவரிடமிருந்து ஒரு "ம்" வந்தது.

சில நாள் கழித்து என் போன் சிணுங்கியது. கடைக்கு முதல் நட்சத்திரம் விழுந்திருந்தது. எழுதியவர் இவர். எண்ணிப் பார்த்தேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான். எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அவர் அறையில் சாக்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பல் டாக்டருக்கு அஞ்சு, பாங்குக்கு அஞ்சு. எனக்கு நாலா?"

"அந்த டாக்டர்கிட்ட நான் போகவே இல்லையே," என்றார் அவர். "இது போட்டுப் பாத்துட்டு எழுதினது. தையல் கல்லு மாதிரி இருக்கு. பட்டன்தான் கொஞ்சம் லூசா ஆடுது."

எட்டி அவர் இடுப்புப் பட்டனைப் பிடித்துப் பார்த்தேன். ஆடியது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வந்து, அவரைக் கட்டிலில் இருந்து எழுப்பி நிற்க வைத்து, அப்படியே இறுக்கித் தைத்தேன். தைத்து முடிக்கிறவரை அவர் வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகு, ஐந்தாக மாற்றிவிடட்டுமா என்று போனை எடுத்தார்.

"வேண்டாம், அது நாலாவே இருக்கட்டும்," என்றேன்.